மாத்திரை அளவில் அச்சம்

‘டேப்ளாய்டு’ என்னும் சொல் பத்திரிகை உலகிற்கு மருந்துக் கடையிலிருந்து வந்தது என்பதை வாசகருள் பலர் அறிந்திரார். இலண்டனில் இயங்கிய பரோஸ் வெல்கம் என்னும் மருந்துக் கம்பெனி, தான் அழுத்திச் செய்த சிறு மாத்திரைகளுக்கு 1884ஆம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டி, அதனைத் தன் வணிகச் சின்னமாகவும் பதிந்து கொண்டது. விரைவிலேயே, சுருக்கி அழுத்தி எளிதில் விழுங்கத்தக்கதாய் ஆக்கப்பட்ட எதற்கும் மக்கள் அப்பெயரை வழங்கலாயினர். பாதியளவுத் தாளில், சுருங்கிய செய்திகளுடன் வெளிவந்த பத்திரிகைகளுக்கும் அது ஒட்டிக் கொண்டது. மருந்தின் பெயரைத் தாங்கிப் பிறந்த இந்தப் பத்திரிகை இனம், நோய் பற்றிய அச்சத்தையே தன் முதன்மைச் சரக்குகளுள் ஒன்றாக்கிக் கொண்டது விந்தையிலும் விந்தை.

மலையூர்களில் வாழும் நமக்கு இப்பத்திரிகைகளின் முகம் புதிதன்று. உதகை மார்க்கெட்டின் அருகிலோ, குன்னூர் பேருந்து நிலையத்திலோ, கூடலூர்க் கடைவீதியிலோ மாலை வேளையில் பெட்டிக்கடையைக் கடந்து செல்வோர், அதன் முன்னே தொங்கும் போஸ்டரைக் காணாமல் போக இயலாது. நான்கைந்து தடித்த சொற்கள். முடிவில் ஓர் ஆச்சரியக்குறி. மழைக்காலம் தொடங்கிவிட்டால் அச்சொற்களுள் இரண்டு தவறாமல் இடம்பெறும்: ‘மர்மக் காய்ச்சல்’.

இந்த ‘மர்மத்தை’ச் சற்று நின்று நோக்குவோம். காய்ச்சலில் மர்மம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் அது டெங்குவாக இருக்கும். அல்லது எலிக் காய்ச்சலாகவோ உண்ணிக் காய்ச்சலாகவோ இருக்கும். மருத்துவர் இரத்தம் எடுத்து ஆய்வுக்கு அனுப்பியிருப்பார். முடிவு வர இரண்டு நாளோ மூன்று நாளோ ஆகும். அந்த இரண்டு மூன்று நாள் இடைவெளிக்குத்தான் பத்திரிகைகள் ‘மர்மம்’ எனப் பெயர் வைத்திருக்கின்றன. ஆய்வின் முடிவு வந்தபின் அதனை வெளியிடுவோர் அரியர். வெளியிட்டாலும் அது உள்பக்கத்தின் அடியில் நான்கு வரியாய் ஒடுங்கிவிடும். பெயர் தெரிந்த நோய்க்குப் போஸ்டரில் இடமில்லை.

ஆனால் நம் மக்களுக்கு வேண்டுவது அந்தப் பெயர்தான் அன்றோ? உண்ணிக் காய்ச்சலையே எடுத்துக் கொள்வோம். புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு உண்ணியின் இளம்பருவப் பூச்சி கடிப்பதால் அது வருகிறது. கடித்த இடத்தில் சிலருக்குச் சிகரெட்டால் சுட்டது போன்ற கருகிய புண் ஒன்று தோன்றும், வலிக்காது, பெரும்பாலும் ஆடை மறைக்கும் இடத்திலேயே இருக்கும். நாட்கள் கடந்தால் நுரையீரலையும் மூளையையும் தாக்கி உயிருக்கே உலை வைக்கும் இந்நோய், உரிய காலத்தில் இனங்கண்டால் டாக்சிசைக்ளின் என்னும் மலிவான மருந்துக்குக் கட்டுப்படும். புதரோரம் விறகு பொறுக்கும் ஒரு தாய், இந்தப் புண்ணைப் பற்றி ஒருமுறை படித்திருந்தால், காய்ச்சல் கண்டபோது அதனை மருத்துவரிடம் காட்டியிருப்பாள். ‘மர்மக் காய்ச்சலுக்கு மூவர் பலி’ என்பதைப் படித்தவளுக்குத் தெரிந்ததெல்லாம் அஞ்சவேண்டும் என்பது மட்டுமே.

இவ்வாறு எழுதுவோர் எல்லாரும் தீய மனத்தினர் என நாம் கூறவில்லை. 1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் ‘தினத்தந்தி’யைத் தொடங்கியபோது, எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் விளங்கும் தமிழில் செய்தியைத் தேநீர்க் கடை வரை கொண்டு சேர்த்தார். அது தமிழ்நாட்டுக்கு வாய்த்த நன்மை. தோட்டத் தொழிலாளர் பலர் எழுத்துப் பழக்கத்தைக் காத்துக் கொண்டது கடைப் பெஞ்சில் கிடந்த நாளிதழால்தான். எளிய நடையும் பெரிய எழுத்தும் குற்றமல்ல. அப்படியானால் பிழை எங்கே நுழைகிறது?

விற்பனையின் முறையிலேயே அது நுழைகிறது. காலைப் பத்திரிகை பெரும்பாலும் மாதச் சந்தாவில் வீட்டு வாசலுக்கு வருவது. இன்றைய தலைப்புச் செய்தி சுவையற்றுப் போனாலும் நாளைக்கும் அது வரும். சந்தாதாரர் அதற்காக நிறுத்திவிட மாட்டார். மாலைப் பத்திரிகையின் நிலை வேறு. பேருந்துக்காக நிற்பவரின் சட்டைப்பையிலிருந்து அன்றன்று சில்லறையை வரவழைக்க வேண்டும். ஒவ்வொரு மாலையும் அதற்கு ஒரு தேர்தல். இங்கிலாந்தில் கடைகளில் தனித்தனிப் படியாக விற்கப்படும் சிறு அளவுப் பத்திரிகைகளின் நிலையும் இதுவே. மேலும், வாசகர் தரும் விலை தாளின் செலவுக்கே போதாது; மிச்சத்தை விளம்பரம் ஈடு செய்யவேண்டும். எத்தனை படிகள் விற்றன என்பதைக் காட்டித்தான் விளம்பரம் கேட்க முடியும்.

கொலையும் அரசியலும் சினிமாவும் இதற்குப் போதாவோ எனில், போதா. கொலை நாள்தோறும் கிடைப்பதில்லை. அரசியலில் ஒரு சாராருக்கே நாட்டம். உடல் ஒன்றுதான் எல்லாரிடத்தும் உள்ளது. அதிலும் பிள்ளையின் உடல் என்றால், பத்திரிகையே வாங்காத தாயும் நின்று பார்ப்பாள். வேறொரு வசதியும் உண்டு. ஓர் அமைச்சரைப் பற்றித் தவறாக எழுதினால் வழக்கு வரும். கிருமியோ காய்கறியோ மானநட்ட வழக்குத் தொடுப்பதில்லை. செலவும் குறைவு. வெளிநாட்டு ஆய்வு ஒன்றின் சுருக்கத்தை நாற்காலியை விட்டு எழாமலே நூறு சொற்களாக்கிவிடலாம். அதே தாளின் கடைசிப் பக்கத்தில் தீராத நோயைத் தீர்க்கும் லேகிய விளம்பரமும் இருக்கும். இத்தகைய விளம்பரங்களைத் தடுக்க 1954லேயே மத்திய அரசு சட்டம் இயற்றிற்று. முன்பக்கம் நோயைத் தர, பின்பக்கம் மருந்தைத் தருகிறது.

நம் மலையின் வாழ்வாதாரமான தேயிலையும் இதற்குத் தப்பவில்லை. 2016 ஜூன் மாதத்தில், உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு மையம், 65 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் எந்தப் பானத்தை அருந்தினாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழியாகலாம் என அறிவித்தது. அறிவிப்பு வெப்பத்தைப் பற்றியது, தேயிலையைப் பற்றியதன்று. காப்பியைப் பொறுத்தவரை, முன்னர் சுமத்தியிருந்த ஐயத்தை அம்மையம் நீக்கவும் செய்தது. ‘ஆற்றிக் குடியுங்கள்’ என நம் பாட்டிமார் சொல்லி வந்ததற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் ‘சூடான டீ குடித்தால் புற்றுநோய்’ என்பதுதான் தலைப்பாக நிற்கும். (உதகையின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும், பனிக்காற்றில் கோப்பையைக் கையில் எடுப்பதற்குள் பாதி ஆறிவிடும். ஆண்டவர் மலைவாசிகளுக்குச் செய்த தனிக் கருணை எனலாம்.)

இரட்டிப்பு என்னும் சொல்

அச்சமூட்டும் செய்திகளில் பொய்யைக் காட்டிலும் பாதி மெய்யே மிகுதி. அதன் தன்மையை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். 1995 அக்டோபரில், பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, புதுவகைக் கருத்தடை மாத்திரைகள் சில, இரத்தக் குழாயில் உறைவு ஏற்படும் அபாயத்தை இரட்டிப்பாக்குகின்றன என எச்சரித்தது. பத்திரிகைகள் ‘இரட்டிப்பு’ என்னும் சொல்லைப் பற்றிக் கொண்டன. உண்மை யாது? 7,000 பெண்களுள் ஒருவருக்கு நேர்ந்து வந்தது, இனி இருவருக்கு நேரலாம் என்பதே. ஒன்று இரண்டானாலும் இரட்டிப்புத்தானே! இந்தக் கணக்கு யாருக்கும் சொல்லப்படவில்லை.

கருத்தடை மாத்திரை குறித்துத் திருச்சபை போதிப்பது நம் குடும்பங்கள் அறிந்ததே. அதை இங்கு விளக்க வரவில்லை. அடுத்து நடந்ததையே சொல்ல விழைகிறோம். அச்சமுற்ற பெண்கள் திடீரென மாத்திரையை நிறுத்தினர். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கத்திற்கு மேல் சுமார் 13,000 கருச்சிதைவுகள் நிகழ்ந்தன என மதிப்பிட்டுள்ளனர். பதின்மூவாயிரம் பிஞ்சு உயிர்கள்! ஒரு சொல்லைச் சரியாக விளக்காததன் விலை அது. அந்த விலையைச் செலுத்தியது எந்தப் பத்திரிகை அலுவலகமும் அல்ல.

வேல்ஸ் நாட்டில் ஸ்வான்சி என்றொரு துறைமுக நகர் உண்டு. அங்கு வெளிவரும் ‘சவுத் வேல்ஸ் ஈவினிங் போஸ்ட்’ என்னும் மாலைப் பத்திரிகை, 1997இல், தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசியால் தங்கள் பிள்ளைகள் பாதிக்கப்பட்டதாக நம்பிய பெற்றோரின் கதைகளைத் தொடர்ந்து வெளியிடத் தொடங்கிற்று. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்னும் மருத்துவர், பன்னிரண்டே குழந்தைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டு, அத்தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்னும் ஐயத்தை உலகெங்கும் பரப்பினார். பின்னர் ஆய்வாளர் கணக்கிட்டபோது, அந்த மாலைப் பத்திரிகை விற்பனையாகும் பகுதியில் தடுப்பூசி பெற்றோர் அளவு 13.6 சதவீதம் சரிந்திருந்தது. வேல்ஸின் ஏனைய பகுதிகளிலோ 2.4 சதவீதமே. ஒரு பத்திரிகையின் கை நீளும் எல்லையை வரைபடத்தில் கோடிட்டுக் காட்டியது போன்ற கணக்கு அது.

2010இல் ‘லான்செட்’ அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. வேக்ஃபீல்டு மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். ஆயின் அந்நாளில் ஊசி போடாமல் விடப்பட்ட குழந்தைகள் வளர்ந்து கொண்டிருந்தனர். 2012 இறுதியில் ஸ்வான்சிப் பகுதியில் தட்டம்மை பரவியது. 2013 கோடைக்குள் சுமார் 1,200 பேர் நோயுற்றனர். இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். செய்திக்கும் மரணத்துக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள். அத்துணை நீண்ட இடைவெளியில் யார் யாரைக் கணக்குக் கேட்பது?

நம் நாட்டுக் கதை

கடல் கடந்த கதை என ஒதுக்கிவிட வேண்டாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகள், ஏறக்குறைய ஒன்றே முக்கால் கோடிப் பேருக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடத் திட்டமிட்டனர். தொடங்கிய சில நாட்களிலேயே கைப்பேசி வழியே வதந்திகள் பறந்தன. பிள்ளைகள் மலடாவார்கள் என்றனர். அயல்நாட்டார் நம் குழந்தைகளை வைத்துச் சோதனை செய்கின்றனர் என்றனர். பள்ளியில் ஊசியைக் கண்டு ஒரு சிறுமி தலைசுற்றி உட்கார்ந்தால் ‘மாணவி மயக்கம்’ என்பது செய்தியாகும். அரை மணி நேரத்தில் எழுந்து பந்து விளையாடப் போனது செய்தியாகாது. கத்தோலிக்கப் பள்ளிகள் உட்படப் பல பள்ளிகளில் பெற்றோர் மறுப்புக் கடிதம் கொடுத்தனுப்பினர். திட்டத்தை மார்ச் மாதத்திலும் நீட்டிக்க நேர்ந்தது. திருப்பலி முடிந்ததும் நம்மிடம் வந்து, “சாமி, போடலாமா, வேண்டாமா?” எனக் கேட்ட தாய்மாரின் முகங்களில் பிள்ளைப் பாசமே இருந்தது, அறியாமை எனச் சினந்து கொள்ள மனம் வரவில்லை. அச்செய்திகளை எழுதியோர் குறிவைத்ததும் அந்தப் பாசத்தைத்தான்.

ரூபெல்லா பிள்ளைக்குப் பெரும் தீங்கு செய்வதில்லை. இரண்டு மூன்று நாள் தடிப்பும் காய்ச்சலுமாய்ப் போய்விடும். ஆனால் கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் ஒரு தாயைத் தொற்றினால், வயிற்றிலுள்ள சிசுவின் கண்ணையும் காதையும் இதயத்தையும் சிதைக்க வல்லது. ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941இல் இதனைக் கண்டறிந்தார். அன்று பள்ளியில் ஊசி மறுக்கப்பட்ட பத்து வயதுச் சிறுமி இன்று திருமண வயதை எட்டிவிட்டாள். பிறவியிலேயே பார்வையும் செவியும் இன்றி ஒரு குழந்தை பிறக்குமாயின், 2017ஆம் ஆண்டுத் தலைப்பு ஒன்றுடன் அதனைத் தொடர்புபடுத்திப் பார்ப்பவர் எவர்?

2021 ஏப்ரலில் நடந்தது அனைவருக்கும் நினைவிருக்கும். நடிகர் விவேக் 15ஆம் தேதி கொரோனா தடுப்பூசி போட்டுக் கொண்டார். பிறரையும் போட்டுக் கொள்ளுமாறு வேண்டினார். 17ஆம் தேதி மாரடைப்பால் மறைந்தார். இதயத்தின் முதன்மை இரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்ததை மருத்துவர்கள் அன்றே தெரிவித்தனர். மத்திய அரசின் ஆய்வுக் குழுவும், தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை, இரண்டும் அடுத்தடுத்து நேர்ந்தது தற்செயல் என அவ்வாண்டு அக்டோபரில் முடிவு கூறிற்று. ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் நடுவே மே மாதம் இருந்தது. அந்த மே மாதத்தில் நம் கல்லறைத் தோட்டங்களில் எத்தனை குழிகள் தோண்டப்பட்டன என்பதை வாசகருக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. எல்லாம் தலைப்புச் செய்தியின் விளைவு என்று சொல்வது நேர்மையன்று. ஊசி மருந்துக்குத் தட்டுப்பாடும் இருந்தது. ஆயினும், கிடைத்த இடத்திலும் வேண்டாம் என ஒதுங்கியோர் நம் மலையிலும் இருந்தனர்.

அப்படியானால் பத்திரிகைகள் வாய்மூடி இருக்கவேண்டுமா? ஒருபோதும் இல்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு பச்சிளங் குழந்தைகள் இறந்தனர். அதனை மூடி மறைக்கும் பத்திரிகை மக்களுக்குத் துரோகம் செய்ததாகும். என்ன நேர்ந்தது, யார் பொறுப்பு எனத் துருவித் துருவிக் கேட்பதே அதன் கடமை. அச்சத்திற்குக் காரணம் இருக்கும் இடத்தில் அச்சத்தைச் சொல்லவேண்டும். பரபரப்பு எழுத்தின் குறை அது அச்சுறுத்துகிறது என்பதன்று. அச்சுறுத்த வேண்டிய இடத்தில் பெரும்பாலும் உறங்கிவிடுகிறது என்பதே.

அதற்குச் சான்று நம் குன்னூரிலேயே உண்டு. 1902இல் நீலகிரியில் வெறிநாய் கடித்து இளம் ஆங்கிலப் பெண் ஒருத்தி இறந்தாள். மருத்துவம் கிடைக்கும் இடம் அந்நாளில் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலி மட்டுமே. அத்துயரத்தின் பின்னர், ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வரின் கொடையையும் கொண்டு, 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. வெறிநாய்க்கடி மருந்தும், போலியோ சொட்டு மருந்தும், பின்னாளில் தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னி ஆகியவற்றுக்கான முத்தடுப்பூசியும் அங்கே உருவாயின. நம்முள் எத்தனையோ பேரின் புயத்தில் ஏறியது குன்னூர் மருந்தே. 2008 ஜனவரியில், உற்பத்தி முறைகள் விதிகளுக்கு ஏற்ப இல்லை எனக் கூறி, குன்னூர், கசௌலி, சென்னை கிண்டி ஆகிய மூன்று அரசு நிலையங்களின் உரிமத்தையும் ஒருசேர நிறுத்தி வைத்தனர். ஏழைப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி எங்கிருந்து வரும் என்பது அன்றைய உண்மையான அச்சம். சில ஆங்கில ஏடுகளும், பாராளுமன்றக் குழுவும், சுகாதார ஆர்வலர்களும் விடாது கேள்வி எழுப்பினர். 2010இல் உரிமம் மீண்டும் கிடைத்தது. இரண்டாண்டு நீடித்த இந்த விவகாரம் எத்தனை மாலைகள் நம் பேருந்து நிலையப் போஸ்டரில் தொங்கியது? உரிமம், விதி, கொள்முதல் என்னும் சொற்களுக்குப் பின்னால் ஆச்சரியக்குறி ஒட்டாது.

வாங்குவோர் பங்கு

பத்திரிகைகளைக் கண்டிக்க இந்தியப் பத்திரிகை மன்றம் 1966 முதல் (இடையில் நெருக்கடி நிலைக் காலத்தில் கலைக்கப்பட்டு, 1979இல் மீண்டும் அமைக்கப்பட்டது) உண்டு. எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அபராதம் விதிக்க அதற்கு அதிகாரமில்லை. ஆகவே பெரும் பொறுப்பு வாங்குவோர் தலையில்தான் விழுகிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2018ஆம் ஆண்டு சமூகத் தொடர்பு நாள் செய்தியில், பொய்ச் செய்தியின் முதல் ஆசிரியனாக ஏதேன் தோட்டத்துப் பாம்பைச் சுட்டிக் காட்டினார். ஆழ்ந்த கருத்து. பாம்பு ஏவாளிடம் முழுப் பொய்யோடு வரவில்லை; உண்மையைச் சற்றே திரித்து, ஒரு கேள்வியாகவே தொடங்கிற்று. நம் போஸ்டர்களிலும் கேள்விக்குறி மிகுதி: ‘...ஆபத்தா?’ எனக் கேட்டுவிட்டால் சொன்னதாகவும் ஆகாது, சொல்லாததாகவும் ஆகாது. எட்டாம் கட்டளை அண்டை வீட்டாரைப் பற்றிய பொய்க்கு மட்டுமே உரியது என எண்ணி, கைப்பேசியில் வந்த நோய்ச் செய்தியைச் சரிபாராமல் பங்கு அன்பியக் குழுவுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாய் உறங்குவோர் நம்மிடையே உண்டு. கொரோனா தடுப்பூசி கத்தோலிக்கருக்கு ஆகாது என்ற வதந்தியும் அப்படித்தான் பரவிற்று. வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், அதனை ஏற்பதற்கு மனச்சான்று தடையில்லை என 2020 டிசம்பர் 21லேயே குறிப்பு வெளியிட்டிருந்தது. அக்குறிப்பை அனுப்பியவர் எத்தனை பேர்?

இவ்வளவு அச்சத்தின் நடுவிலும் நம் மாவட்டத்தில் வேறொன்று நிகழ்ந்தது. 2021இல் கூடலூர், பந்தலூர் பகுதிகளின் பழங்குடி மக்களுள் பலர், தடுப்பூசி போட வருவோரைக் கண்டதும் காட்டுக்குள் ஒதுங்கினர். ஊசி போட்டால் இறந்துவிடுவோம் என்னும் பேச்சு அங்கும் எட்டியிருந்தது. அவர்களை மாற்றியது துண்டுப் பிரசுரமன்று, ஒலிபெருக்கியுமன்று. அவர்களுடைய மொழி பேசும், அவர்களுடைய இனத்திலேயே பிறந்த நலப் பணியாளர்களும், கிராமச் செவிலியரும், தொண்டர்களும் குடிசை குடிசையாய்ச் சென்று அமர்ந்து பேசினர். முதல் நாள் மறுத்த வீட்டுக்கு இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் போயினர். அவ்வாண்டு ஜூலை அளவில், பதினெட்டு வயது நிரம்பிய பழங்குடியினர் ஏறக்குறைய அனைவரும் முதல் தவணை பெற்ற தமிழ்நாட்டின் முதல் மாவட்டமாக நீலகிரி அறிவிக்கப்பட்டது.